டிராயிங் சாரின் சுவரைத் திரும்பக் கேட்கிறேன்

எங்கள் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கும் முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

பவள விழாவுக்காகப் பள்ளி வராண்டாவின் வலது பக்கச் சுவருக்கு வெள்ளை டிஸ்டெம்பர் அடித்துவிட்டீர்கள். அந்தச் சுவரில் 1987 கோடை விடுமுறையில் எங்கள் டிராயிங் சார் எனாமல் பெயிண்டால் வரைந்த மூன்று முகங்களும், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டமும் இருந்தன. இப்போது அங்கே பன்னிரண்டு வினைல் பலகைகள் தொங்குகின்றன. உச்சியில் 'எங்கள் முன்மாதிரிகள்' என்று பொன்னிற எழுத்து. பவள விழா நிதிக்கு ஒரு லட்சமும் அதற்கு மேலும் கொடுத்த பன்னிரண்டு முன்னாள் மாணவர்களின் படங்கள் அவை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், பதவி, நிறுவனம், நாடு. வேறு ஒரு வரியும் இல்லை.

விழாவன்று எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். நாடா வெட்டித் திரையை விலக்கியபோதுதான் அது எந்தச் சுவர் என்று எனக்கு உறைத்தது. அன்று மேடையில் எதுவும் பேசாமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை நேரில் வந்து கேட்டேன். 'அது பழைய பெயிண்டிங்தானே, உரிஞ்சு போயிருந்துச்சு' என்று ஒருவர் சொன்னார். 'பசங்களுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கட்டும்னுதான்' என்றார் இன்னொருவர். அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தச் சுவரில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். குழுவில் பாதிப் பேர் நம் பள்ளியில் படித்தவர்கள் இல்லை. படித்தவர்களில் சிலர் 1987-க்கு முன்பே போய்விட்டவர்கள்.

முதல் முகம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. வட்ட மூக்குக்கண்ணாடி, நேரான பார்வை. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே சேர்ந்தவர், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியவர், சென்னை மாகாணச் சட்ட மேலவையில் நுழைந்த முதல் பெண் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. டிராயிங் சார் அதில் எதையும் எழுதவில்லை. படத்துக்குக் கீழே அவர் எழுதியது இவ்வளவுதான்: 'தங்கையின் சாவை முப்பது ஆண்டு மறக்கவில்லை.'

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு அது புரியவில்லை. சார்தான் விளக்கினார். முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயில் இறந்தது 1920-களில். முத்துலட்சுமி நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954-இல். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. இடைப்பட்ட காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், போக்கிடம் இல்லாத பெண் குழந்தைகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையின் விஷயத்தை மட்டும் அவர் இறக்கி வைக்கவே இல்லை. 'ஒரு துக்கத்தை என்ன செய்யலாம்னு இந்த அம்மாவைப் பாத்துக் கத்துக்கோங்க' என்றார் சார்.

இரண்டாவது முகம் தலைப்பாகையோடு உ.வே. சாமிநாதையர். கீழே: 'தெரியாது என்று சொன்னார். பிறகு தெரிந்துகொண்டார்.' 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்த இருபத்தைந்து வயது இளைஞர் அவர். அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் என்று அடுக்கினார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். இல்லை. கல்லூரி ஆசிரியர் அந்த இடத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இவர் பிரதியை வாங்கிக்கொண்டு போனார். சமண நூல் புரியாதபோது, சைவ மரபில் படித்த அவர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து கேட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. இந்தக் கதையைச் சொன்ன நாளில் சார் கரும்பலகையில் 'தெரியாது' என்று பெரிதாக எழுதி, எங்கள் எல்லோரையும் ஒரு முறை உரக்கச் சொல்ல வைத்தார்.

மூன்றாவது முகம் அப்போது உயிரோடு இருந்தவர். நம் பக்கத்து மனிதர். எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. சார் இவர் முகத்தைச் சிறிதாகவும் கைகளைப் பெரிதாகவும் வரைந்திருந்தார். கணுக்கள் வீங்கி, விரல்கள் பக்கவாட்டில் வளைந்த கைகள். 'விரல் மடங்கியது. வேலை மடங்கவில்லை.'

பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்தவர் அவர். முப்பது வயதில் மூட்டுவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். எழுந்தபோது பழைய விரல்கள் இல்லை. கண் மருத்துவத்துக்கு மாறி, வளைந்த விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற ஐம்பத்தெட்டாம் வயதில், 1976-இல், மதுரையில் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இவரைப் பற்றி எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. 1986-இல் நம் பள்ளியில்தான் கண் முகாம் நடந்தது. என் ஆச்சியை அங்கிருந்து பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய், காசு வாங்காமல் புரை எடுத்து, தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கண்ணாடி வழியாக ஆச்சி முதலில் பார்த்தது என் காதில் கம்மல் இல்லாததை. அது அடகில் இருந்தது அவருக்குத் தெரியாது. எட்டு வருடம் கழித்து மறு கண்ணுக்குப் போனபோது கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். வெளிநாட்டு லென்ஸை ஏழைகளுக்கு வாங்கிக் கட்டுபடியாகாது என்பதால், 1992-இல் அவர்களே லென்ஸ் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஆச்சி பள்ளிக்கூடத்துப் பக்கம் வரும்போதெல்லாம் அந்தச் சுவரின் முன் நின்று, அந்தக் கைகளைத் தொட்டுவிட்டுப் போவார். டிஸ்டெம்பர் அடித்தவர்களுக்கு அந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருந்தது தெரிந்திருக்கும். 'உரிஞ்சு போயிருந்துச்சு' என்று நீங்கள் சொன்னது அதைத்தான்.

காமராஜரை ஏன் வரையவில்லை என்று ஒருவன் கேட்டான். 'அவர் படம் தலைமை ஆசிரியர் ரூம்லயே இருக்கு. உங்களுக்குத் தெரியாதவங்களைத்தான் நான் அறிமுகப்படுத்தணும்' என்றார் சார்.

நான்காவதாக இருந்தது வெற்றுக் கட்டம். கரும்பலகைப் பெயிண்ட் அடித்த, ஒரு முழ அகலக் கட்டம். ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் கூடிப் பேசி, நம் ஊரைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி அதில் சாக்பீஸால் எழுத வேண்டும். சார் மூன்று விதி வைத்திருந்தார். நீ கண்ணால் பார்த்தவராக இருக்கணும். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று எழுதக் கூடாது. அவர் செய்த ஒரு காரியத்தை எழுதணும்.

என் நினைவில் இருப்பவற்றைச் சொல்கிறேன். எடைக்கல்லைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, 'சரியா இருக்கான்னு நீயே வச்சுப் பாரு' என்ற பலசரக்குக் கடை அண்ணாச்சி. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் லாந்தரோடு வந்து நின்ற மருத்துவச்சி. 1988-இல் ஒரு அண்ணன் தன் சொந்த அக்காவைப் பற்றி எழுதினான். இவன் பள்ளிக்கூடம் வர வேண்டும் என்பதற்காக அந்த அக்கா விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் அவளைப் பள்ளிக்கு வரவழைத்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தம்பி படித்துக் காட்டினான். மருந்துக் கறை படிந்த விரலால் அவள் தன் பெயர் எது என்று கேட்டுத் தடவிப் பார்த்ததை நாங்கள் சிலர் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நான் அதற்குப் பிறகு ஒரு நாளும் பள்ளிக்கு மட்டம் போட்டதில்லை.

எங்கள் செட் எழுதியது தபால்காரரைப் பற்றி. அதை முன்மொழிந்தது நான். அப்பா பம்பாயில் வேலை பார்த்தார். மணியார்டர் சில மாதம் வரும், சில மாதம் வராது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். மணியார்டர் இல்லாத நாளில் தபால்காரர் தெருவைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, 'ஆச்சி, இன்னைக்கும் வரல' என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஆச்சி ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார். குடித்துவிட்டு அடுத்த வீட்டில் போய் அதையே சொல்வார். நாங்கள் எழுதிய வரி: 'இல்லை என்பதையும் நேரில் வந்து சொன்னார்.'

நான் முப்பது வருடமாகக் கூட்டுறவு சொசைட்டியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். பயிர்க் கடன் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லி அனுப்புவது அங்கே சுலபமான வழி. அந்த 'நாளைக்கு'க்காக ஒரு மனிதர் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு போட்டு, மறுபடியும் வருவார். நான் இதுவரை யாரையும் அப்படி அனுப்பியதில்லை. கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கிடைக்காது, காரணம் இது, அடுத்து இங்கே கேட்டுப் பாருங்கள் என்று சொல்கிறேன். சிலர் கோபப்படுவார்கள். சிலர் அழுவார்கள். எனக்கு இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. அந்தத் தபால்காரர் சைக்கிளை நிறுத்துவதைப் பார்த்துக் கற்றது.

இப்போது உங்கள் பன்னிரண்டு பலகைக்கு வருகிறேன்.

பணம் கொடுத்தவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வந்திருக்கிறது. நாங்கள் படித்தபோது அது இல்லாமல் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. குடிநீர் வந்திருக்கிறது, ஆய்வகத்துக்குக் கூரை வந்திருக்கிறது. கொடுத்தவர் பெயரைப் பொறிக்க நம் ஊரில் அழகான ஒரு சொல்லே இருக்கிறது, உபயம். அந்தக் கழிப்பறைச் சுவரில், அந்தக் குடிநீர்த் தொட்டியில், கல்லில் வெட்டி வையுங்கள். பிள்ளைகள் தினமும் படிக்கட்டும், நன்றியோடு இருக்கட்டும். ஆனால் உபயதாரர் என்பதும் முன்மாதிரி என்பதும் ஒன்றில்லை. ஒரு லட்சம் கொடுத்தால் முன்மாதிரி ஆகலாம் என்றால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பலகையைப் பார்த்து நாளைக் காலையில் எதைச் செய்து பழகுவாள்?

கொடுப்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்றால் ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்த பாலம் கலியாணசுந்தரம் இருக்கிறார். பணியில் இருந்த காலம் முழுவதும் சம்பளத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு எளிமையாக வாழ்ந்தவர். 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது யாரும் தொகையைச் சொல்வதில்லை. எப்படி வாழ்ந்தார் என்றுதான் சொல்கிறோம்.

என் அண்ணன் மகள் நம் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். கல்வி வளர்ச்சி நாளுக்கான பேச்சுப் போட்டியில், பன்னிரண்டு பேரில் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று சீட்டுக் குலுக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இவளுக்கு எட்டாம் பலகை விழுந்தது. 'அத்தை, இவர் துணைத் தலைவர்னு போட்டிருக்கு. என்ன செஞ்சார்னு போடலையே. மூணு நிமிஷம் நான் என்ன பேசுறது?' என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் அந்த நிறுவனத்துக்கு எத்தனை நாடுகளில் கிளை இருக்கிறது, வருடத்துக்கு எவ்வளவு வியாபாரம் என்று போனில் தேடி எழுதி வைத்திருக்கிறாள். முன்மாதிரியைப் பற்றி அவள் தயாரித்திருக்கும் பேச்சு அது. அவள் மேல் தப்பில்லை.

ஐந்தாம் பலகையில் இருப்பவர் என் வகுப்புத் தோழர். 'இயக்குநர், சிங்கப்பூர்' என்று போட்டிருக்கிறீர்கள். அவரை எனக்குத் தெரியும். அப்பா இறந்த பிறகு பதினோராம் வகுப்பிலிருந்து ராத்திரியில் அச்சாபீஸில் லேபிள் எண்ணும் வேலை பார்த்தவர். மூன்று தங்கைகளையும் படிக்க வைத்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று இருந்தவர். தேர்வில் ஒரு முறை தோற்று, அதை யாரிடமும் மறைக்காமல், அடுத்த வருடம் தம்பி வயதுப் பையன்களோடு உட்கார்ந்து எழுதியவர். இதில் ஒரு வரியாவது அந்தப் பலகையில் உண்டா? முன்மாதிரியாக இருக்கத் தகுதியுள்ள ஒருவரைக்கூட வெறும் பதவியாக மாட்டி வைத்திருக்கிறீர்கள். அவரிடம் போனில் பேசினேன். 'டிராயிங் சார் சுவரை அழிச்சா போட்டாங்க? எனக்கு யாரும் சொல்லலையே' என்றார். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம், 'என் போர்டை முதல்ல கழட்டச் சொல்லு' என்றார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கைகள் இவை.

டிஸ்டெம்பரை எடுத்துவிடுங்கள். பெயிண்டர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அடியில் இருப்பது எனாமல் என்பதால் மேலே அடித்த டிஸ்டெம்பர் அதோடு பிடிக்கவில்லை, ஈரத்துணியும் பொறுமையும் இருந்தால் பெரும்பகுதி வந்துவிடும் என்கிறார். ஏற்கெனவே ஒரு மூலையில் உரிந்து முத்துலட்சுமி அம்மாவின் மூக்குக்கண்ணாடி தெரிகிறது. பலகைகளுக்கு அடித்த ஆணி ஓட்டைகளை அடைக்கலாம். செலவு முழுவதையும் 1990 பத்தாம் வகுப்பு செட் ஏற்றுக்கொள்கிறோம். பள்ளிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. அதுவரை அந்தச் சுவரில் இன்னொரு கோட்டு பெயிண்டோ புதிய ஆணியோ வேண்டாம்.

பன்னிரண்டு பலகைகளையும் அவரவர் பணத்தில் எழுந்த இடங்களுக்கு மாற்றி, உபயம் என்று எழுதுங்கள்.

வெற்றுக் கட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள். சாரின் மூன்று விதிகளோடு. இந்த வருடப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதட்டும், யாரைப் பற்றி என்பதில் நாமோ நீங்களோ தலையிட வேண்டாம்.

ஜூலை 15 பேச்சுப் போட்டிக்கான தலைப்பை மாற்றுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தான் கண்ணால் பார்த்த ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று அறிவியுங்கள். இதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஜூன் மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்த மடலைப் பொருளாக வைத்து, எடுத்த முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். முடியாது என்றாலும் காரணத்தோடு எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. டிராயிங் சார் 2009-இல் இறந்துபோனார். அவர் மனைவி நம் ஊரில்தான் இருக்கிறார். சுவரை அழிக்கும் முன்பு யாரும் அவரிடம் கேட்கவில்லை, அழித்த பின்பும் சொல்லவில்லை. விழாவுக்குப் போய்வந்த யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. குழுவிலிருந்து இரண்டு பேராவது நேரில் போய், நடந்ததை அவரிடம் சொல்ல வேண்டும். வீடு தபாலாபீஸுக்கு எதிர்ச் சந்தில், வேப்பமரம் நிற்கிற வீடு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போனால் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
1990 பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு மாணவி